சிதறிய ஊரும் சேர்த்த கைகளும்

ஓய்வு நேரத்தை ஒருவர் எவ்வாறு கழிக்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய உள்ளப்பாங்கை ஓரளவு அறிந்துகொள்ளலாம். அஞ்சல் தலை சேர்ப்போர் உளர். தோட்டம் பேணுவோர் உளர். நாளேட்டின் குறுக்கெழுத்துப் புதிரை முடிக்காமல் காலைத் தேநீரைத் தொடாதவர்கள் எம் துறையிலேயே உளர். எமக்கு வாய்த்ததோ சற்றே வேறுபட்ட பொழுதுபோக்கு. அட்டையில் அச்சிட்ட ஓர் ஊரை ஆயிரம் துண்டுகளாகச் சிதறவிட்டு, மீண்டும் அதனை ஊராக்கிப் பார்ப்பதே அது. ஜிக்சா புதிர் என்பர். "நாற்பதைக் கடந்த தமிழ் விரிவுரையாளருக்கு இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு?" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அந்நகைப்புக்கு விடை கூறவும், அவ்விளையாட்டு எமக்குக் கற்பித்த பாடம் ஒன்றை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ளவும் இக்கட்டுரையை வரைகின்றோம்.

இப்புதிர் விளையாட்டாகப் பிறந்ததன்று, பாடமாகவே பிறந்தது. 1760களில் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் செதுக்குக் கலைஞர் நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்றார். சிறுவர்கள் அவற்றைப் பொருத்திப் பார்த்து நிலவியல் கற்றனர். பின்னர் வந்த இழைவாளின் பெயரே புதிருக்கும் பெயராயிற்று. 1930களில் அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டியபோது, அட்டையில் அச்சுவெட்டு முறையில் ஆக்கிய மலிவுப் புதிர்கள் வாரந்தோறும் வெளிவந்தன. நூலகங்களும் மருந்துக் கடைகளும்கூட அவற்றை வாடகைக்குக் கொடுத்தன. வேலையிழந்து வீட்டிலிருந்தோர்க்கு, தம் கையால் ஒன்றை முடித்துவிட்டோம் என்னும் நிறைவை அவை தந்தன போலும்.

எமக்கும் அப்புதிர் ஓர் அடைபட்ட காலத்திலேயே அறிமுகமாயிற்று. துபாயில் பணிபுரியும் எம் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த பெட்டி, பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடப்பட்டது. யாம் கடலோரச் சிற்றூராகிய எம் சொந்த ஊரில், எழுபதைக் கடந்த உம்மாவுடன் தங்கியிருந்தோம். பள்ளிவாசலும் பூட்டப்பட்ட அந்த ரமலானில், அஸருக்கும் நோன்பு திறப்புக்கும் இடைப்பட்ட நீண்ட பொழுதைக் கழிக்க வழி தெரியாமல் அப்பெட்டியைப் பிரித்தோம்.

பெட்டியின் மேலிருந்த படம் சார்லஸ் வைசாக்கி என்னும் அமெரிக்க ஓவியர் தீட்டியது. பழங்காலச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு. வண்ண வண்ணப் பெயர்ப்பலகைகள், குதிரை வண்டிகள், வேலியின் மேல் ஒரு பூனை, கூடையேந்திக் கடை முன் நின்று கதை பேசும் பெண்கள், தொலைவில் தேவாலயத்தின் கோபுரம். யாருடைய முகத்திலும் கவலையில்லை. எந்தச் சுவரிலும் கறையில்லை. எமக்குத் தொடர்பே இல்லாத அவ்வூரைக் கண்டதும் எம் இளமைக்கால ஊர் நினைவுக்கு வந்தது வியப்பே.

பெட்டியின் மேல் 1000 துண்டுகள் என்றிருந்தது. அடுக்கி முடித்து எண்ணியபோது நீளவாக்கில் 38, அகலவாக்கில் 27, ஆக 1026 துண்டுகள். அவற்றுள் ஓரத் துண்டுகள் மட்டும் 126. முதலில் ஓரங்களைக் கட்ட வேண்டும். பின்னர் நிறம் பார்த்துப் பிரித்து, பெயர்ப்பலகை போன்று எளிதில் அடையாளம் தெரிவனவற்றைச் சேர்க்க வேண்டும். வானத்தையும் புல்வெளியையும் இறுதிக்கு விட்டுவிட வேண்டும். இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டு என்பது ஒன்று. செய்யுளடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டுமிடத்துக் கொண்டு சென்று கூட்டிப் பொருள் காண்பது அது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காகச் சிதைந்த சுவடிகளோடு போராடிய நாள்களில் யாம் செய்ததும் இதுவே. வலிந்து பொருத்தினால் துண்டு அமர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் பக்கத்துத் துண்டு ஏற்காது. பாட வேறுபாட்டிலும் அப்படியே.

இரண்டாம் நாள் உம்மா எதிரே வந்து அமர்ந்தார். யாம் படத்தைப் பார்த்துத் துண்டைத் தேடினோம். அவர் துண்டைப் பார்த்தே துண்டைத் தேடினார். இளமை முதல் தொப்பி தைத்துப் பழகிய விரல்கள் அவை. மேடும் பள்ளமும் அவருக்குத் தொட்டவுடனே புலப்பட்டன. யாம் கைவிட்டிருந்த வானத்தை ஒருவாரத்தில் அவரே கட்டி முடித்தார். பெருநாளைக்கு முந்திய மாலையில் புதிர் நிறைவுற்றது. ஒரு துண்டும் குறையவில்லை.

உம்மா அந்தக் கடைத்தெருவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடையேந்திய பெண்களின் மேல் விரலை வைத்து, "பொம்பளைங்கள்லாம் எப்படி நிக்கிறாங்க பாரு. நம்ம ஊர் கடைத்தெருவும் இப்படித்தான் இருக்குமா மகனே?" என்று கேட்டார்.

"என்ன உம்மா, பார்க்காதவங்க மாதிரி கேட்கிறீங்க?" என்று சிரித்தோம்.

"வண்டியில போறப்ப திரை இடுக்கு வழியா பார்த்திருக்கேன். நின்னு பார்த்ததில்லையே" என்றார். குரலில் குறையேதும் இல்லை. அதைக் கேட்டபின் எமக்குச் சிரிப்பு வரவில்லை.

எம் வீட்டிலிருந்து கடைத்தெரு இருநூறு அடித் தொலைவுதான். ஆயினும் எம் ஊரில் ஆடவர்க்குத் தெரு. பெண்டிர்க்கு வீடுகளின் இடையே செல்லும் முடுக்கு. சில ஆண்டுகட்கு முன் இத்தகைய மலர் ஒன்றிலே எம் ஊர்க் கடைத்தெருவைப் பற்றி யாம் ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். பலர் பாராட்டினர். அதில் வாப்பா இருந்தார். வாப்பாவின் தோழர்கள் இருந்தனர். மிட்டாய்க் கடை இருந்தது. கடைக்குப் போய்வந்த எம் மிதிவண்டி இருந்தது. கடைக்கு அனுப்பிய உம்மா இல்லை. அக்கட்டுரை முழுமையானதென்றே அன்றுவரை எண்ணியிருந்தோம். வீட்டினுள் இரண்டு திங்கள் அடைபட்டிருந்ததற்கே எத்துணை முறை சலித்துக்கொண்டோம் என்பதையும் அவ்விரவு நினைத்துப் பார்த்தோம்.

பின்னர் அந்த ஓவியர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். வைசாக்கி 1928இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். மோட்டார் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற தொழில் நகர் அது. அங்குப் பிறந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த அவர், 2002இல் மறையும்வரை பெரிதும் வரைந்தது குதிரை வண்டி ஓடும் பழைய ஊர்களையே. தாம் வாழாத ஊரை ஆசையால் சமைத்தார். அதில் தவறில்லை. அவருக்கு மூத்தவரான நார்மன் ராக்வெல் (1894-1978) புகழ்பெற்ற வார இதழ் ஒன்றின் அட்டைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இனிய சிற்றூர் வாழ்வைத் தீட்டியவர். அவ்வோவியங்களில் கறுப்பின மக்களை மிக அரிதாகவே காணலாம். பணியாளர்களாக மட்டுமே அவர்களைக் காட்டுவது அவ்விதழின் நெறி என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். அவ்விதழை விட்டு நீங்கியபின், 1964ஆம் ஆண்டு ஜனவரியில் வேறோர் இதழில் அவர் வரைந்த ஓவியம் வெளிவந்தது. 1960இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளிக்குக் காவலர் சூழ நடந்து சென்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் அதில் இடம்பெற்றாள். தம் ஊரில் விடுபட்ட ஒருத்தியை அவர் சேர்த்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.

அவருக்கு அவ்வயதில் இயன்றது, நாற்பதுகளில் உள்ள எமக்கு இயலாதா? மறுநாள் முதல் புதிர் இருந்த மேசையில் ஒரு குறிப்பேட்டை வைத்தோம். "உங்க ஊரைச் சொல்லுங்க உம்மா" என்றோம். தயங்கியே தொடங்கினார். முடுக்கின் எந்தத் திருப்பத்தில் எந்த வீட்டு மீன்குழம்பு மணக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பேறுகாலத்தில் நள்ளிரவில் யார் கதவைத் தட்டலாம் என்பது தெரிந்திருந்தது. இரவுகளில் பெண்கள் கூடிப் படித்த மாலைப் பாடல்கள் மனப்பாடமாக இருந்தன. யாம் சற்றும் அறியாத செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட உம்மாவே அம்முடுக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த மிகச் சிலருள் ஒருவர். கொழும்பிலிருந்து கணவர்மார் எழுதும் கடிதங்களை அண்டை வீட்டுப் பெண்கள் அவரிடமே கொண்டுவருவார்களாம். முதலில் தமக்குள் ஒருமுறை படித்துக்கொள்வாராம். துயரச் செய்தி இருந்தால், அப்பெண்ணை அமரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகே வாய்விட்டுப் படிப்பாராம். மறுமொழியும் அவரே எழுதித் தருவாராம். எம் குடும்பத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர் யாம் என்று மேடைகளில் பெருமையாகக் கூறியிருக்கிறோம். அப்பெருமை அன்றோடு அகன்றது. வேறொரு பெருமை வந்து சேர்ந்தது.

பழைய ஊரை நினைந்து மகிழ்வது பிழையன்று. அம்மகிழ்ச்சியை இன்றும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் புதிர்ப் பெட்டியின் வாயிலாக நாடுகின்றோம். உம்மாவும் வானத்தைக் கட்டக் காத்திருக்கிறார். ஆனால் பெட்டிக்குள் இட்டவை மட்டுமே புதிரில் கிடைக்கும். நினைவும் அத்தகையதே. நாம் இடாத துண்டு குறைவதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. படம் முழுமையாகவே காட்சி தரும். அதைச் சுட்டிக்காட்ட மற்றொருவர் எதிரே வந்து அமர வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வட்டார வரலாறு எழுத வேண்டும், ஊர்ப்பெயர் ஆய வேண்டும் என்று வகுப்பறையில் உங்களிடம் அடிக்கடி கூறுகின்றோம். கல்வெட்டையும் ஆவணத்தையும் தேடிச் செல்லுங்கள், வேண்டியதே. அதற்குமுன் உங்கள் இல்லத்து அடுக்களை வாயிலில் அமர்ந்து, "உங்கள் ஊர் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். சமுதாயப் பெரியோர்களும் தத்தம் வீடுகளில் அவ்வினாவை எழுப்புவார்களாக. எம் குறிப்பேட்டில் இதுவரை எழுபது பக்கங்கள் நிறைந்துள்ளன. ஓரங்கள் மட்டுமே சேர்ந்திருக்கின்றன. நடுவில் இன்னும் நிரம்ப இடம் இருக்கிறது.