விதியல்ல, வெறுங்கை!

“அவர் கணக்கு முடிந்துவிட்டது, நம்மால் ஆவது என்ன?”

பள்ளி வாயிலில், வேப்பமர நிழலில், வெள்ளைத் துணி போர்த்திய உடலருகே நின்ற பெரியவர் ஒருவர் இப்படிச் சொன்னார். சூழ நின்றோர் தலையசைத்தனர். நாம் தலையசைக்கவில்லை. ஆயினும் மறுத்துரைக்க நமக்கு நா எழவில்லை. மன்றங்களிலே விதியை விரட்டி விரட்டி அடித்த நா! தலையெழுத்து என்பது தன்னம்பிக்கையற்றோர் தந்த தலைப்பு என்று கைதட்டலுக்கிடையே முழங்கிய நா! அன்று அது ஏன் ஊமையாயிற்று? தோழர்களே, அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகோலை எடுத்திருக்கிறோம்.

இறந்தவர் எம் பள்ளியில் மணியடிக்கும் பணியாளர். ஊரார் பலர் அவரைப் பெயரிட்டு அழைத்து, ஒருமையில் ஏவுவர். நாம் “ஐயா” என்போம். அவர் நம்மை “வாத்தியார் தம்பி” என்பார். காலை இரண்டாம் மணியை அடித்தார், கட்டையைக் கீழே வைத்தார், அப்படியே சரிந்தார்.

ஓடினோம். ஒருவர் இரும்புச் சாவியைக் கொணர்ந்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். மற்றொருவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் திருநீறு பூசினார். இன்னொருவர் சோடா வாங்க விரைந்தார். நாம் என்ன செய்தோம்? “விலகுங்கள், காற்று வரட்டும்” என்று கத்தினோம். கையிலிருந்த வருகைப் பதிவேட்டால் விசிறினோம். 108-க்குத் தொலைபேசியில் சொன்னோம். அருகிலிருந்த வண்டி வேறோர் அழைப்புக்குச் சென்றிருந்தது. அடுத்த ஊரிலிருந்து வண்டி வந்து சேர இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. வந்த இருவரும் வியர்வை சொட்டச் சொட்ட உழைத்தனர். அவர்கள்மீது குறை இல்லை. காலந்தான் கடந்துவிட்டிருந்தது. மருத்துவமனையில் மருத்துவர் சொன்னார்: “இதயம் திடீரென நின்றிருக்கிறது. விழுந்த உடனே யாராவது மார்பை அழுத்தியிருந்தால்...” நம் முகத்தைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

சாவி வைத்த கையைக் கண்டு நாம் நகைத்ததுண்டு. நீறு பூசிய கையைக் கண்டும் நகைத்ததுண்டு. அன்று அவ்விரண்டும் வெறுங்கை. பட்டம் பெற்ற நம் கை? பதிவேட்டால் விசிறிய நம் கை? அதுவும் வெறுங்கையே! மூடநம்பிக்கையை மறுக்கத் தெரிந்த நமக்கு, அதன் இடத்தில் வைக்க வேண்டிய அறிவு கையில் இல்லை. மறுப்பு பாதி, அறிவு மறுபாதி. பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பகுத்தறிவாளர் என்று நாம் பவனி வந்திருக்கிறோம்.

இன்னொன்றும் நெஞ்சைக் குடைந்தது. எம் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அவ்வண்டியின் மணியோசை எம் வகுப்பறைக்குக் கேட்கும். இரவும் பகலும் விழித்திருக்கும் வீரர்கள். ஓலம் கேட்டதும் ஓடி வரும் தோழர்கள். அவர்களை அழைக்கலாம் என்று அங்கே நின்ற நூற்றுவரில் ஒருவருக்கேனும் தோன்றிற்றா? இல்லை. தீ என்றால் அவர்கள்; நோய் என்றால் வேறு யாரோ என்று நம் மூளையில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். அந்தச் சுவரை வேறெங்கேனும் இடித்திருக்கிறார்களா என்று தேடினோம். தேடிக் கண்டதைச் சொல்கிறோம்.

முதலில் இதயத்தின் கணக்கு. இதயம் நின்றால் மூளைக்குக் குருதி செல்வதில்லை. நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை அழியத் தொடங்குகிறது. ஒன்றும் செய்யாது கழியும் ஒவ்வொரு நிமிடமும், மின்னதிர்ச்சியால் பிழைக்கக்கூடியவரின் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைக்கிறது. ஆகவே, எவ்வளவு பெரிய மருத்துவமனை இருக்கிறது என்பதன்று கேள்வி. எவ்வளவு விரைவில் ஒரு கை வந்து சேர்கிறது என்பதே கேள்வி. மார்பின் நடுவில் இரு கைகளால் அழுத்தியே குருதியை ஓட்டலாம் என்பதை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் உலகுக்கு எடுத்துக்காட்டினர். மந்திரம் வேண்டா, மாயம் வேண்டா. இரண்டு கைகள் போதும்!

கண்டுபிடிப்பு வந்துவிட்டது. அதைத் தெருவுக்குக் கொண்டு செல்வது யார்? அந்நாளைய அமெரிக்காவைச் செல்வத்தின் சிகரம் என்பர். அங்கே நோயாளியைச் சுமந்தவர் யார் தெரியுமா? 1966-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் வெளிவந்த அறிக்கை உண்மையை உடைத்துச் சொல்லிற்று. அவசர ஊர்திச் சேவையில் ஏறத்தாழப் பாதியை நடத்தியவர்கள் இறுதிச் சடங்கு நடத்தும் தொழிலினர்! பிணம் ஏற்றும் நீண்ட வண்டி. அதிலே நோயாளியையும் ஏற்றினர். பாடை சுமப்போரே பல்லக்கும் சுமந்தனர் எனலாம். 1965-ஆம் ஆண்டில் மட்டும் 1,07,000 பேர் அந்நாட்டில் விபத்துகளால் மாண்டனர் என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது.

அதே 1966-இல், அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர், மின்னதிர்ச்சிக் கருவியை ஊர்தியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாயிலுக்கே அனுப்பினார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோ! நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்த மரபு கவிழ்ந்தது. அந்தச் செய்தி கடல் கடந்தது. சியாட்டில் நகரில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் இதய மருத்துவர் லெனார்ட் காப் சிந்தித்தார். மருத்துவர்களை ஊர்தியில் உட்கார வைத்துக் காத்திருக்கச் செய்வது எத்தனை ஊருக்கு இயலும்? நகரெங்கும் பரவிக் கிடப்பவர், நாள் முழுதும் விழித்திருப்பவர், சில நிமிடங்களில் வாயிலுக்கு வருபவர் யார்? தீயணைப்பு வீரர்! தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரியும் அவரும் கைகோத்தனர். 1970 மார்ச்சில் ‘மெடிக் ஒன்’ புறப்பட்டது. குழாய் பிடித்த கை நாடி பிடித்தது. ஏணி ஏறிய கால் நோயாளியின் மாடிப்படி ஏறிற்று.

தடை எழாமலா இருந்தது? மருத்துவம் பயிலாதவன் ஊசி போடுவதா, மருந்து கொடுப்பதா, மின்னதிர்ச்சி தருவதா என்று குரல்கள் கிளம்பின. நமக்குப் பழக்கமான குரல் அல்லவா இது? இன்னார்தான் ஓதலாம், இன்னார் காதால் கேட்பதும் குற்றம் என்ற குரலை நாம் கேட்டதில்லையா? ஒரு வேற்றுமையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே தயங்கியவர்களின் அச்சத்தில் நியாயமும் இருந்தது; அறியாத கை உயிரை வாங்கும். எனவே அவர்கள் அறிவைப் பூட்டி வைக்கவில்லை, பயிற்சியைப் பெருக்கினார்கள். கலிபோர்னியாவில் 1970-இல் தனிச் சட்டமே இயற்றி, பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளுக்கு உரிமை வழங்கினர். சியாட்டிலில் இந்தப் பயிற்சி இரண்டாயிரம் மணி நேரத்துக்கும் மேல் நீளுகிறது. பிறப்பு கேட்கவில்லை, பயிற்சி கேட்டார்கள். தகுதி என்ற சொல்லுக்கு நேர்மையான பொருள் அதுவே.

சியாட்டில் அதோடு நிற்கவில்லை. வீரர் வருமுன் கழியும் நிமிடங்களை என் செய்வது? 1972 முதல் பொதுமக்களுக்கே மார்பழுத்தும் முறையைக் கற்பித்தனர். கடைக்காரர் கற்றார், இல்லத்தரசி கற்றார், மாணவர் கற்றார். பயன்? பிறர் கண்ணெதிரே விழுந்து, மின்னதிர்ச்சிக்குக் கட்டுப்படும் தாளக்கேடு கொண்ட இதயம் உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நல்ல ஆண்டுகளில் அங்கே பிழைத்து வீடு திரும்பியிருக்கின்றனர். மீதிப் பாதிப்பேர் மாண்டனர் என்பதையும் சொல்கிறோம். பகுத்தறிவு அற்புதம் நிகழ்த்துவதாக வாக்களிப்பதில்லை. அது கணக்குக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு அந்தக் கணக்கைத் திருத்த முயல்கிறது.

இவ்வரலாற்றில் நம் குருதியைக் கொதிக்கச் செய்யும் ஏடு ஒன்றுண்டு. அது பிட்ஸ்பர்க் நகரத்து ஏடு. அங்கே நோயாளிகளைக் காவல்துறை வண்டிகளே ஏற்றிச் சென்றன. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்களின் பகுதியில் வண்டி வருவதே அரிது. வந்தாலும் காவலர் கையில் மருத்துவம் இல்லை. 1967-இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற அமைப்பு எழுந்தது. பீட்டர் சஃபர் என்ற மருத்துவர், 1966-இல் தம் சின்னஞ்சிறு மகளை மூச்சுத்திணறல் நோய்க்குப் பறிகொடுத்தவர், அதற்குப் பயிற்சி வகுத்தார். யாருக்கு? வேலையற்றவர் என்றும் உதவாக்கரைகள் என்றும் நகரம் ஒதுக்கிய கறுப்பின இளைஞர்களுக்கு! அவர்களோ முதலாண்டிலேயே 5,800-க்கும் மேற்பட்ட அழைப்புகளுக்கு ஓடினர். நான்சி கரோலின் என்ற பெண் மருத்துவர் அவர்களுக்கு மேலும் கற்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் வகுத்த பாடமே பின்னர் நாடு முழுதும் பாராமெடிக்குகளின் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று.

அடுத்து நிகழ்ந்தது என்ன? 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கிற்று. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. வழி கண்டவர்கள் புதிய தேர்வுகளாலும் விதிகளாலும் ஒருவர் பின் ஒருவராக வெளியேற நேர்ந்தது. அவர்கள் பெயரும் நெடுங்காலம் பேசப்படவில்லை. கோயில் கட்டியவன் வாயிலுக்கு வெளியே நின்ற கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

நியூயார்க்கில் 1996-இல் அவசர மருத்துவப் பணியைத் தீயணைப்புத் துறையோடு இணைத்தனர். துறை ஒன்றாயிற்று, ஊதியம் ஒன்றாகவில்லை. உயிர் மீட்போருக்குத் தீயணைப்போரைவிடக் குறைந்த ஊதியம் என்ற குமுறல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒரே பந்தி, வேறு வேறு இலை! ஆகவே இணைப்பு என்ற சொல்லைக் கேட்டு மயங்கிவிட வேண்டா. பயிற்சி, கருவி, ஊதியம், மதிப்பு ஆகிய நான்கும் இணைந்தாலன்றி அது இணைப்பாகாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2008-இல் கலைஞர் ஆட்சியில் தமிழகத்தில் 108 ஊர்தி ஓடத் தொடங்கிற்று. 2021-இல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது. பெருமைப்படுகிறோம். ஆனால் பெருமை, போதும் என்ற மனத்தில் முடியக் கூடாது. ஊர்தி வரும்வரை உள்ள நிமிடங்கள் யாருடையவை? தீயணைப்பு நிலையத்துத் தோழருக்கு உயர்ந்த மருத்துவப் பயிற்சியும் மின்னதிர்ச்சிக் கருவியும் அளித்து, 108-க்கு வரும் அழைப்பு அருகிலுள்ள நிலையத்திலும் ஒலிக்கச் செய்தால் என்ன? ஆளும் சுமையும் கூடும். அதற்கு ஆள் சேர்ப்போம், ஊதியம் உயர்த்துவோம். செலவைக் கேட்பவர், வெள்ளைத் துணியின் விலையையும் கணக்கில் சேர்க்கட்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கலாமா? நாம் முறையாகக் கற்றோம். மார்பின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர்க்குக் கற்பிக்க முனைந்தோம். பெற்றோர் ஒருவர் வந்தார். “பெண் பிள்ளைகள் அந்நிய ஆடவன் மார்பில் கை வைப்பதா? அதுவும் யார் எவர் என்று பாராமல்?” என்றார். அந்தக் கடைசிச் சொற்களின் பொருள் நமக்கு விளங்கிற்று. “ஐயா, நாளை தங்கள் மார்பு நின்றுபோனால், அழுத்த வரும் கையின் குலத்தைக் கேட்கத் தங்களுக்கு மூச்சு இருக்குமா?” என்றோம். அவர் பேசவில்லை. அடுத்த வாரம் அவர் மகள் வகுப்புக்கு வந்தாள்.

மணியடித்த பெரியவரின் பேரன் எம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். பயிற்சியை வாயிலில் நின்று பார்த்தான். எல்லோரும் போனபின் கேட்டான்: “இது முன்பே தெரிந்திருந்தால் தாத்தா பிழைத்திருப்பாரா, ஐயா?” என்ன சொல்வது? விதி என்று சொல்லியிருந்தால் அவனுக்கும் ஆறுதல், நமக்கும் விடுதலை. “பிழைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முயன்றிருக்க வேண்டியவர் நாம். நமக்குத் தெரியவில்லை” என்றோம். அவன் சிறிது நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, பயிற்சிக்காக வைத்திருந்த மூட்டையின் முன் மண்டியிட்டான். “எங்கே கை வைக்க வேண்டும்?” என்றான்.

தோழர்களே, விதி என்ற சொல் இறந்தவருக்கு ஆறுதல் அன்று. சுற்றி நின்றவர்கள் தங்களுக்கே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு. அந்த மன்னிப்பு நமக்கு வேண்டா. விதியை மேடையில் வென்றது போதும்; இனித் தெருவில் வெல்வோம். மன்றந்தோறும் பயிற்சி வகுப்பு வையுங்கள். நிலையந்தோறும் கருவி கேளுங்கள். முதலில், இவ்வாரத்துக்குள், உங்கள் கையைக் கற்றறிந்த கை ஆக்குங்கள்!