ஓய்விலும் ஓயாதவர்

உழைக்கும் பருவத்தில் ஓய்வை விரும்பாதவர் இல்லை. ஆயின், ஓய்வு வந்து வாய்த்தபின் அதனைச் செலவிடும் வகை அறிந்தவர் மிகச் சிலரே. நேற்றுவரை மணி பத்தானதும் அலுவலகத்திற்கு விரைந்த கால்கள், இன்று திண்ணைக்கும் தெருவாயிலுக்கும் இடையே நடந்து சலிக்கின்றன. நேற்றுவரை பலர் தேடி வந்த மனிதரை இன்று தேடுவார் இல்லை. முதுமையின் பெருந்துன்பம் நரையும் திரையும் அல்ல. 'இனி நம்மால் யாருக்கு என்ன பயன்?' என்று உள்ளத்தில் எழும் வினாவே ஆகும். அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிக் கொண்ட பெரியவர் ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலுக்கு அணித்தான சிற்றூர் ஒன்றில் வாழ்கிறார். அகவை எழுபதைக் கடந்தவர், மனைவியை இழந்தவர், மக்கள் இருவரும் வெளியூரில் இருக்கத் தனித்து வாழ்பவர். எனினும் தனிமை என்பதை அறியாதவர்.

அவர் தந்தி நிலையத்தில் பணி புரிந்தவர். தந்தி மொழிக்கு இரண்டே ஒலிகள் உண்டு. ஒன்று குறுகி ஒலிப்பது. மற்றொன்று நீண்டு ஒலிப்பது. தமிழ் இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நம் மொழியில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தந்தி மொழியிலோ நெட்டொலி, குற்றொலியைப்போல் மூன்று மடங்கு நீளும். மோர்ஸ் என்பார் பெயரால் வழங்கும் இம்முறையில் குறிலும் நெடிலும் மாறி மாறிப் புணர்ந்து எழுத்தாகின்றன, எழுத்துச் சொல்லாகிறது. பிறப்பும் இறப்பும், மணமும் மகிழ்வும் அப்பெரியவரின் விரல் நுனி வழியாக ஊர் ஊராகச் சென்றன.

இந்தியாவில் 1855ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தந்திப் பணி, 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முடிவுற்றது. பெரியவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஓய்வு பெற்றிருந்தார். ஆயினும் அச்செய்தி கேட்டபோது, கைவந்த கலை ஒன்று கைக்குள்ளேயே மடிவதுபோல அவர் நெஞ்சம் நொந்தது. அப்போது அவருக்கு ஓர் உண்மை ஆறுதல் தந்தது. கம்பியில் ஓய்ந்த அவ்வொலி, வானில் இன்னும் ஓயவில்லை. உலகெங்கும் ஊதியம் கருதாது, அறிவும் நட்பும் கருதி, தத்தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்துப் பேசுவோர் இருக்கின்றனர். அவர்களை 'ஹாம்' வானொலியர் என்பர். அக்கூட்டத்தில் தாமும் ஒருவராகப் பெரியவர் எண்ணங்கொண்டார்.

எண்ணியவுடன் எய்தும் உரிமை அன்று அது. அரசு நடத்தும் தேர்வில் வென்று உரிமம் பெறுதல் வேண்டும். பெயரன் போன்ற இளைஞர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து அவர் தேர்வு எழுதினார். மின்னியலும் சட்டவிதிகளும் படித்துத் தேறினார். தந்தி மொழித் தேர்வு மட்டும் அவருக்கு விளையாட்டாயிற்று. பின்னர் அவருக்கென ஓர் அழைப்புக்குறி வழங்கப்பட்டது. 'வி.யூ.' என்னும் ஈரெழுத்தை முதலாகக் கொண்ட அக்குறி அவரை இந்தியர் என்று உலகுக்கு அறிவிக்கும். இரு மனிதர்க்கு ஒரே குறி இராது. பெயரும் பதவியும் ஊரும் செல்வமும் அங்கே பின்னே நிற்க, அக்குறியே ஒருவருக்கு முகமாகிறது.

அவருடைய நாள் வைகறை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. நீராடி, ஒரு குவளை காப்பி அருந்தியபின் வானொலியின் முன் அமர்கிறார். அமர்ந்தவுடன் பேசுவதில்லை, முதலில் கேட்கிறார். 'முதலில் கேள், பின்னர்ப் பேசு' என்பது வானொலியர்க்குத் தலையாய விதி. ஒருவர் பேசும் அலைவரிசையில் மற்றொருவர் குறுக்கிட்டால் இருவர் சொல்லும் கெடும். வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் அன்றோ? அச்செல்வத்தைக் காலைதோறும் ஈட்டுவது இப்பெரியவரின் வழக்கம்.

வீட்டின் கொல்லையில் இரு மரங்களுக்கிடையே ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள செப்புக்கம்பி ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதுவே வானலை வாங்கி. இருபது மீட்டர் என்னும் அளவு எங்ஙனம் வந்தது? 300 என்னும் எண்ணை, மெகாஹெர்ட்சுக் கணக்கில் கூறப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அவர் காலையில் பேசும் அதிர்வெண் 7.1 மெகாஹெர்ட்சு, எனவே அலைநீளம் 42 மீட்டர். அதிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த கம்பி அவ்வலைக்கு ஏற்றது. கணக்கு ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. கொல்லைப்புறத்து மரத்திலும் தொங்குகிறது!

ஒளியைப்போல் நேரே செல்லும் வானலை, உருண்டையான உலகின் மறுபுறத்தை எங்ஙனம் அடையும் என்று மாணவர் வினவலாம். 1901ஆம் ஆண்டு மார்க்கோனி அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்து வந்த குறியொலியைக் கேட்டபோது அறிஞரும் இவ்வாறே வியந்தனர். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் ஞாயிற்றின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் உள. அவை வானலையைக் கண்ணாடிபோல் திருப்பி மண்ணுக்கு அனுப்புகின்றன. 1924ஆம் ஆண்டு ஆப்பிள்டன் என்னும் ஆங்கில அறிஞர் அதனை ஆய்ந்து மெய்ப்பித்தார். அவ்வடுக்குகள் பகலில் ஒரு நிலையிலும் இரவில் வேறு நிலையிலும் இருக்கும். ஆதலின் பகலில் அண்டை மாநிலங்களை எட்டும் அதே 7 மெகாஹெர்ட்சு அலை, இரவில் கடல்களைக் கடந்து செல்லும். ஞாயிற்றின் முகத்தில் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை மிகுந்து குறையும் கரும்புள்ளிகளும் அவ்வலைகளின் போக்கை மாற்றும். எனவே பெரியவர் நாள்தோறும் ஞாயிற்றின் நலத்தையும் உசாவி அறிகிறார்.

பேசிய ஒவ்வொரு பேச்சும் அவருடைய குறிப்பேட்டில் ஏறும். நாள், நேரம், அதிர்வெண், எதிரில் பேசியவரின் அழைப்புக்குறி, ஒலியின் தெளிவு ஆகியன ஒரு நாளும் தவறியதில்லை. அஞ்சலில் வந்த நட்பு அட்டைகள் பல அவர் பெட்டியில் உள. ஆயினும் அவர் மிகவும் போற்றியது கடல் கடந்த நட்பை அன்று. வேற்று மாநிலத்தில் வாழ்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரோடு நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் தந்தி மொழியிற் பேசினார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒருவர் தாய்மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் விரல் தட்டும் பாங்கினாலேயே, 'இன்று அவருக்கு உடல்நலம் இல்லை' என்று இவர் அறிவார்.

பிற்பகலில் வானொலி ஓய, மற்றொரு வேலை தொடங்குகிறது. தம் இல்லத்திலுள்ள கணிப்பொறி, கைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு சிறு வலையைப் பெரியவர் தம் கையாலேயே அமைத்துள்ளார். நடுக்கூடத்து மாடத்தில் 'ரூட்டர்' எனப்படும் சிறு பெட்டி இருக்கிறது. அது வீட்டுக்குள் வாழும் அஞ்சற்காரர் என்னலாம். ஒவ்வொரு கருவிக்கும் நான்கு பகுதியுள்ள ஓர் எண்ணை முகவரியாகத் தந்து, வரும் செய்தியை உரிய கருவிக்குச் சேர்ப்பது அதன் தொழில். செய்தி முழுதும் ஒருங்கே வருவதில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து வருகிறது. பனையேட்டுச் சுவடியில் ஏடுதோறும் எண் இட்டு வைத்தனர் முன்னோர். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினும் எண்ணைக் கொண்டு மீண்டும் அடுக்கலாம். இடையில் ஓர் ஏடு இல்லையெனில் அதுவும் தெரியும். செய்தித் துண்டுகளும் அவ்வாறே எண் தாங்கி வருகின்றன. காணாத துண்டைக் கருவி மீண்டும் கேட்டுப் பெறுகிறது.

கம்பியின்றிச் செல்லும் 'வைஃபை' அலையும் வானலையே. அதன் அதிர்வெண்களுள் ஒன்று ஏறத்தாழ 2400 மெகாஹெர்ட்சு. முன்னர்க் கண்ட கணக்கின்படி அதன் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒரு சாணிலும் குறைவு. பழைய வீட்டின் தடித்த சுவரும் இரும்பு அலமாரியும் அதனைத் தடுத்தன. ஆதலின் கோடியறைக்குக் கம்பி இழுத்தார் பெரியவர். அக்கம்பியின் உள்ளே எட்டுச் செப்பிழைகள் இரண்டிரண்டாக முறுக்குண்டு கிடக்கின்றன. முறுக்கு இருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்குழப்பம் பெரிதும் குறைகிறது. வண்ண வரிசை பிறழாமல் இழைகளை அடுக்கி, முனையில் செருகியைப் பொருத்தும்போது அவர் கை நடுங்குவதில்லை.

இவ்விரண்டு கலைகளும் அவருக்கு இருவேறு அறங்களைக் கற்பித்தன. வானொலியில் மறைபொருள் இல்லை. வணிகம் பேசலாகாது, மறைமொழியில் பேசலாகாது, யார் வேண்டுமாயினும் கேட்கலாம். எனவே பலர் கேட்கத் தகாத சொல்லை அங்கே சொல்லலாகாது. வீட்டு வலையிலோ கதவைத் தாழிட்டே வாழ்தல் வேண்டும். வலிய கடவுச்சொல் இல்லாத வலை, பூட்டில்லாத பெட்டகம். திறந்து பேச வேண்டிய இடத்தில் திறந்து பேசுவதும், காக்க வேண்டிய இடத்தில் காப்பதும் அறிவுடையார் செயல் என்பார் பெரியவர்.

முதலில் ஊரார் அவரைக் கண்டு நகைத்தனர். 'துணி உலர்த்தவா இவ்வளவு உயரத்தில் கொடி கட்டினீர்?' என்று கேலி பேசியவரும் உண்டு. விடுமுறைக்கு வந்த மகனும், "அப்பா, கையளவு கைபேசியில் உலகமே இருக்க, இந்தக் கம்பி எதற்கு?" என்று கேட்டான். "தம்பி, கைபேசிக்கு இடையில் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். என் கம்பிக்கும் இன்னொருவர் கம்பிக்கும் இடையில் வானம் மட்டும் போதும்" என்றார் அவர். மகன் புன்னகையோடு சென்றான்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், 'கஜா' என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கைபேசிகள் ஊமையாயின. பெரியவரின் செப்புக்கம்பியும் தென்னையோடு மண்ணில் கிடந்தது. ஆயின் கொல்லைக் கோடியில் நின்ற பனை மட்டும் அசையவில்லை. அண்டைவீட்டுச் சிறுவரைத் துணைக்கொண்டு, கம்பியின் ஒரு முனையைப் பனையிலும் மறு முனையை மாடியிலும் கட்டினார். பன்னிரண்டு வோல்ட்டு மின்கலத்தை வானொலியோடு இணைத்தார். நெடுநேரம் அழைத்தபின் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு குரல் விடை தந்தது.

அப்போது எதிர்வீட்டு அம்மையார் ஓடிவந்தார். "அண்ணே, என் மகன் சென்னையில் உண்ணாமல் உறங்காமல் கிடப்பான். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு சொல் சொல்ல முடியுமா?" என்று கண்ணீர் மல்க வேண்டினார். வழக்கமான தொடர்புகள் அறுந்த பேரிடர்க் காலத்தில் பிறர் செய்தியைச் சேர்ப்பிக்க விதி இடந்தருகிறது. திருச்சி நண்பர் அச்செய்தியைத் தொலைபேசியில் சென்னைக்குச் சொன்னார். மாலையில் விடை வந்தது: 'மகன் அழுதான், பின்பு சிரித்தான், புறப்பட்டுவிட்டான்.' அன்று ஒன்பது குடும்பத்தார் செய்தி அச்செப்புக்கம்பி வழியே சென்றது. அதன்பின் அதனைக் கொடி என்று நகைத்தவர் எவரும் இலர்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டு வலைக்கும் ஒரு கடமை வாய்த்தது. கைபேசி இருந்தும் இணையத்திற்குப் பணம் கட்ட இயலாத பிள்ளைகள் தெருவில் இருந்தனர். பெரியவர் திண்ணைவரை கம்பி நீட்டினார். தம் கருவிகளிலிருந்து பிரித்து, பிள்ளைகளுக்கெனத் தனி வலை ஒன்றை வகுத்தார். முகம் மூடி, எட்ட எட்ட அமர்ந்து அவர்கள் பாடம் கேட்டனர். அவர்களுள் ஒரு சிறுமி, "தாத்தா, உள்ளே 'டிக் டிக்' என்று ஒலிக்கிறதே, அது என்ன?" என்று கேட்டாள். அன்று தொடங்கிய பாடம் இன்றும் நடக்கிறது.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நண்பரின் ஒலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் வேறொருவர் வாயிலாகச் செய்தி வந்தது. வானொலியர் தம்முள் ஒருவர் மறைந்தால் 'இறந்தார்' என்னார். 'சைலண்ட் கீ' என்பர். அவர் தட்டிய கருவி ஓய்ந்தது என்பது பொருள். பெரியவர் குறிப்பேட்டில் நண்பரின் அழைப்புக்குறியை எழுதி, அதன் எதிரே ஒன்றும் எழுதாமல் வெற்றிடம் விட்டார். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், வாயிலில் வந்து நின்ற அச்சிறுமியை அழைத்து, நண்பருக்குரிய அந்த ஆறு மணியை அவளுடைய பாடத்திற்குத் தந்தார்.

கலை மனிதனோடு பிறந்து மனிதனோடு மடிவதன்று. கையிலிருந்து கைக்கு மாறி வாழ்வது. கற்றதை மற்றவர்க்கு உதவுமாறு வைத்திருப்பவருக்கு முதுமையும் ஒரு பதவியே. உடல் ஓயும் நாள் எல்லார்க்கும் உண்டு. பயன்படும் உள்ளத்திற்கு ஓய்வு நாள் என்பது குறிக்கப்படவில்லை.