வீடு சேர்க்கும் இலக்கம்

நன்றிக்கு இலக்கணமாக நாயைச் சொல்வது நம்மவர் வழக்கு. சுவர்க்கத்தின் வாயிலிலும் தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட மறுத்த தருமரின் கதையைப் பாரதத்திற் படித்திருக்கிறோம். வைரவரின் வாகனமென்று அதனை மதிக்கவும் செய்கிறோம். ஆனால், வீட்டு நாய் வழி தவறிவிட்டால் அது திரும்பி வருவதற்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்?

நாய்க்கு நம்மைத் தெரியும். அதனை வழியிற் காணும் அயலாருக்கோ அது எவருடையது என்பது தெரியாது. அடையாளமற்ற நாய் அவர்கள் கண்ணுக்குக் கட்டாக்காலி. கட்டாக்காலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்லெறியே. களைத்து நாக்குத் தொங்க நிற்குமாயின், விசர் பிடித்தது என்ற பழியும் வந்து சேரும்.

குச்சவெளி போன்ற கரையோர ஊர்களில் நாய் காணாமற் போக அதிகம் வேண்டியதில்லை. மாரிகாலத்து இடிமுழக்கம், தீபாவளி வெடி, துணை தேடும் பருவம், கரைவலை இழுக்குமிடத்து மீன் மணம் ஆகிய இவற்றுள் ஒன்றே போதும். எமது வீட்டு நாயும் ஒரு வைகாசியில் அவ்வாறு போயிற்று. மூன்றாம் நாள் இறக்கண்டிப் பக்கத்திலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவர் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியில் தங்கியிருந்த சிங்கள மீனவர். அவருடைய தமிழும் எமது சிங்களமும் சில சொற்களுக்கு மேற் செல்லவில்லை. எனினும், கழுத்துப்பட்டியில் இருந்த பத்து இலக்கங்களை அவர் வாசித்துவிட்டார். மூவினத்தாரும் வாழும் இக்கரையில் எழுத்துகள் வேறு வேறு. இலக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றே. பட்டியில் நாயின் பெயரை மட்டும் பொறித்திருந்தால் அந்த அழைப்பு வந்திராது.

கழுத்திற் கட்டும் கறுப்புக் கயிறு, நாய்க்கு உரியவர் ஒருவர் உண்டென்று மட்டுமே சொல்லும். அவர் யாரென்று சொல்லாது. துருப்பிடியாத உருக்குத் தகட்டிற் பொறித்த தொலைபேசி இலக்கம் உப்புக்காற்றையும் தாங்கும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். பட்டி கழன்றுபோகவும் கூடுமாதலால், உடலிலுள்ள மறுக்கள் தெரியும்படி ஒரு நிழற்படமும் வீட்டில் இருத்தல் நன்று.

மேல்நாடுகளில் நெல்மணியளவான நுண்சில்லொன்றை நாயின் தோளிடையே தோலுக்கடியில் ஊசியாற் செலுத்துகிறார்கள். இங்கிலாந்தில் இது 2016 முதல் கட்டாயமாயிற்று. அதிலுள்ள 15 இலக்கங்களை வாசிக்கத் தனிக்கருவி வேண்டும். உரியவர் விவரம் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். நாய் நிற்கும் இடத்தை அது காட்டுமென்று எண்ணுவது தவறு. பதிவு நமக்கும் புதிதன்று. இலங்கையில் நாய்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1901இலேயே இயற்றப்பட்டது.

அடையாள அட்டையின் அருமையைப் போர்க்கால இடப்பெயர்வுகளில் நன்கறிந்தவர்கள் நாம். 2004 திசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது, பிரிந்த உறவுகளைப் பெயர் சொல்லித் தேடினோம். தன் பெயரையும் ஊரையும் சொல்ல வாயில்லாத உயிருக்கு நாமே அதனை எழுதிக் கட்டவேண்டும் அன்றோ? இன்று விடுமுறை நாள். ஒரு பட்டியும் அழியாத மையும் இருந்தால், வீட்டுச் சிறுவர்களே இப்பணியை முடித்துவிடுவார்கள்.