நகர்ந்தால்தான் படிக்கும்

கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். "சார், மெஷின் கார்டே எடுக்க மாட்டேங்குது" என்றுதான் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கார்டைப் படிக்கும் ஹெட்டில் அழுக்குப் படிந்திருக்கும். இல்லையென்றால் தேய்ப்பவர் கையில் அவசரம் இருக்கும்.

கார்டின் பின்னால் ஓடும் கறுப்புப் பட்டை முழுக்கக் காந்தத் துகள்கள். தேய்க்கும் பள்ளத்துக்குள் மெல்லிய ஸ்பிரிங் தகட்டின் மேல் ஹெட் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இருப்பது கம்பிச்சுருள். காந்தப்புலம் மாறும்போது மட்டுமே சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். அதனால் கார்டை ஹெட்டின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றால் அதற்கு ஒன்றுமே தெரியாது. நகர்ந்தால்தான் படிக்கும்.

ஆனால் எல்லோர் கையும் ஒரே வேகத்தில் போகாதே. ஒருவர் வெடுக்கென இழுப்பார், பெரியவர் ஒருவர் நிதானமாக இழுப்பார். அப்படியும் அதே எண் பிழையில்லாமல் வருகிறது. இதைச் சாத்தியமாக்கும் ஏற்பாட்டின் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு. தகவல் ஒன்று, பூஜ்யம் என்ற பிட்களாகப் பட்டையில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் காந்தத்திசை ஒருமுறை மாறும். பிட் ஒன்று என்றால் நடுவிலும் இன்னொரு முறை மாறும். பூஜ்யம் என்றால் மாறாது. பட்டையின் தொடக்கத்தில் வெறும் பூஜ்யங்களாகவே எழுதியிருப்பார்கள். அவற்றை வைத்து இயந்திரம் நம் கையின் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு பிட்டிலும் கணக்கைத் திருத்திக்கொண்டே வருகிறது, பாடகர் காலத்தை மெல்ல ஏற்றினாலும் மிருதங்கம் கூடவே போவதுபோல. பாதியில் தயங்கி நின்று திடீரென இழுத்தால் மட்டும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

பட்டையில் மூன்று தடங்கள். கடை இயந்திரத்துக்கு முக்கியமான இரண்டாம் தடத்தில் அதிகபட்சம் 40 எழுத்துகள்தான் அடங்கும்: கார்டு எண், காலாவதி மாதம், சேவைக் குறியீடு, இன்னும் கொஞ்சம். உங்கள் வங்கி இருப்பு அதில் இல்லை. சேவைக் குறியீடு 2 அல்லது 6 என்று தொடங்கினால் அந்தக் கார்டில் சிப் இருக்கிறது என்று பொருள். சிப் வசதியுள்ள இயந்திரத்தில் தேய்த்தால் "சிப்பைச் செருகவும்" என்று கேட்பது இதனால்தான்.

பட்டையில் இருப்பது என்றும் மாறாத தகவல். படிக்க முடிந்தவர் நகலும் எடுக்கலாம். சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீட்டை உருவாக்குகிறது. அதனால்தான் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றும்படி ரிசர்வ் வங்கி நம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2033-க்குள் தன் கார்டுகளில் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது. பாதுகாப்பை நினைத்தால் அது சரியான முடிவு என்றே நானும் சொல்வேன்.

அதுவரை கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த கிளீனிங் கார்டை அவ்வப்போது பள்ளத்தில் விட்டு எடுங்கள். வாடிக்கையாளர் கார்டின் அடிவிளிம்பு பள்ளத்தின் தரையைத் தொட்டபடி, தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராகத் தேயுங்கள். கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: ஹோட்டல் அறைச் சாவிக் கார்டுகளில் பல, வலுக்குறைந்த காந்தப் பட்டை கொண்டவை. காந்தப் பூட்டு வைத்த போன் கவரில் அவற்றைச் செருகி வைக்காதீர்கள்.