கையெழுத்துக்கும் விமானத்துக்கும் நடுவே

வெளிநாட்டுப் பள்ளியில் பாடம் நடத்த ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஆசிரியர், சேர வேண்டிய நாளுக்கு முன்பே விலகிக்கொள்வதை ராஜினாமா என்று சொல்ல முடியாது. ராஜினாமா செய்ய முதலில் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். வெறும் மனமாற்றம் என்று ஒதுக்கவும் முடியாது. அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு பள்ளி விசாவுக்குப் பணம் கட்டியிருக்கும், கால அட்டவணையில் அவர் பெயரைப் போட்டிருக்கும். கையெழுத்துக்கும் விமானத்துக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று மாதங்களில் நடக்கும் இந்த விலகலைச் சட்டம் தனியாகவே வைத்துப் பார்க்கிறது.

புதுச்சேரியில் இந்த இடைக்காலத்தில் நிற்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் கணிதமோ அறிவியலோ எடுத்துக்கொண்டிருந்து, வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கோ மாலத்தீவுக்கோ புறப்படுகிறவர்கள் உண்டு. இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதி நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்க 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து வழி திறந்தபின் அந்தப் பக்கம் பார்ப்பவர்களும் உண்டு. பிரெஞ்சு படித்தவர்கள் இந்த ஊருக்கே உரியவர்கள். 1826இல் தொடங்கிய லிசே பிரான்சே, 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ், பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுத் துறை ஆகியவற்றின் வழியாக வந்த இளைஞர்கள், பிரான்ஸ் அரசின் மொழி உதவியாசிரியர் திட்டத்தில் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்கப் போகலாம். வாரத்துக்கு 12 மணி நேரம், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாத வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்கு அரசு உத்தியோகம் பார்க்கக் கப்பலேறிய ஊர் இது. கடல் தாண்டிய சம்பளம் இங்கே பல தலைமுறைப் பழக்கம்.

விலகும் காரணங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளிருந்து வருகின்றன. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நாள் குறிப்பார்கள். கல்யாணம் நிச்சயமாகும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மாமியார் முடியாது என்பார். அரசுப் பள்ளி நியமனப் பட்டியலில் பெயர் வரும். ஐந்தாறு வருடம் காத்திருந்த அரசு வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட ஒப்பந்தத்துக்குப் போ என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

வேறு சில காரணங்கள் காகிதத்திலேயே இருக்கும். நேர்காணலில் சொன்ன சம்பளம் ஒன்று, ஒப்பந்தத்தில் இருப்பது வேறொன்று. குடும்பத்துக்கு வீடு என்றது, இருவருக்கு ஓர் அறை என்று சுருங்கியிருக்கும். வாரத்துக்கு 24 பீரியட் என்றது 32 ஆகியிருக்கும். முதலில் காட்டிய ஆஃபர் லெட்டருக்குப் பதில் வேறொரு காகிதத்தைக் கடைசி வாரத்தில் நீட்டுவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் விலகும் ஆசிரியர் வாக்கு மீறியவர் ஆகமாட்டார். முதலில் ஒப்பந்தத்தை மாற்றியவர்கள் எதிர்த்தரப்பினர். எழுத்தில் உள்ள இரண்டு காகிதங்களையும் பத்திரமாக வைத்திருப்பது பின்னால் அவருக்குப் பெரிய துணை.

ஒப்புக்கொண்ட வேலைக்குப் போகாமல் இருப்பது ஒரு காலத்தில் குற்றமாகவே இருந்தது. 1853இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினீக் தீவுக்குப் போன ஒரேலி கப்பல் புதுச்சேரியிலிருந்து கிளம்பியதுதான். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த தமிழ்க் கிராமங்களிலிருந்தும் ஆள் சேர்த்து, புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரெயூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், கையில் ஒரு முன்பணம். எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். வேலையைச் செய் அல்லது பணத்தைக் கொடு என்ற உத்தரவை அவர் மீறினால் மூன்று மாதம் வரை சிறை. முதலாளியின் செலவில் தொலைவான இடத்துக்கு அழைத்துப் போகப்படும் தொழிலாளி எழுத்து ஒப்பந்தத்தை மீறினால் தண்டிக்க, இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 492ஆம் பிரிவு இருந்தது. இந்த இரண்டையும் 1925ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீக்கியது. வேலைக்கு வராவிட்டால் போலீஸ் வரும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரமாயிருந்த சட்டம் போய் நூறு வருடமாகிறது. ஆள் சேர்க்கும் ஏஜென்சியின் ஊழியர் தொலைபேசியில் "கேஸ் போடுவோம்" என்று மிரட்டும்போது ஆசிரியர் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.

பிரெஞ்சுப் புதுச்சேரியின் சட்டம் வேறு வழியில் அதே முடிவுக்கு முன்பே வந்திருந்தது. நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத் தொகுப்பு 1819இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தன் உழைப்பை ஆயுள் முழுவதற்கும் ஒப்படைக்க முடியாது, குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட பணிக்கோ மட்டுமே ஒப்புக்கொள்ளலாம் என்றது அதன் 1780ஆம் பிரிவு. ஒன்றைச் செய்வதாக ஏற்ற கடமை நிறைவேறாவிட்டால் அது நஷ்டஈடாக மாறும் என்றது 1142ஆம் பிரிவு. ஆளைப் பிடித்து வேலை வாங்க வழியில்லை. பணக் கணக்கு மட்டுமே மிஞ்சும்.

1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்து, 1960களில் இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் வந்து சேர்ந்தது. அதன் 39ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுப்பவரைப் பற்றியது. சட்டம் அதற்குத் தரும் எடுத்துக்காட்டில் வருபவர், நாடக அரங்கில் பாட ஒப்புக்கொண்டு ஆறாம் இரவு வேண்டுமென்றே வராத ஒரு பாடகி. அவர் வராததால் அரங்க மேலாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே மறுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு 1853இல் லண்டனில் தீர்ப்பான ஹாக்ஸ்டர் வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பயணத் துணையாக 1852 ஜூன் 1 முதல் மூன்று மாதத்துக்கு ஒருவரை அமர்த்திய கனவான், மே 11 அன்று வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஜூன் வரும்வரை வழக்கே போட முடியாது என்பது அவர் தரப்பு வாதம். மறுப்பு தெரிவித்த அன்றே ஒப்பந்தம் முறிந்துவிட்டது, அப்போதே வழக்குத் தொடரலாம் என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் பின்வாங்கியவர் வேலை கொடுத்தவர். ஆனால் விதி இரு தரப்புக்கும் ஒன்றே. எனவே ஆசிரியரின் பொறுப்பு சேராத நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. மாட்டேன் என்று சொன்ன நாளிலேயே அது பிறக்கிறது.

பொறுப்பின் அளவைச் சொல்வது 73ஆம் பிரிவு. முறிவிலிருந்து இயல்பாக விளைந்த இழப்புக்கு ஈடு கேட்கலாம், சுற்றிவளைத்து வந்த இழப்புக்குக் கேட்க முடியாது. இழப்பைக் குறைக்கப் பள்ளிக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசாவுக்கு 40,000 ரூபாயும் டிக்கெட்டுக்கு 25,000 ரூபாயும் பள்ளி செலவழித்தது, டிக்கெட்டை ரத்து செய்து 15,000 திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நேரடி இழப்பு 50,000. நேர்காணல் பட்டியலில் அடுத்தவரை அழைத்து ஒரு மாதத்தில் இடத்தை நிரப்ப முடிந்திருந்தால், வருடம் முழுக்கப் பாடம் நடக்கவில்லை என்று கணக்குக் காட்ட முடியாது. ஒப்பந்தத்திலேயே "விலகினால் 2 லட்சம்" என்று எழுதியிருந்தால் 74ஆம் பிரிவு வரும். எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதையே நீதிமன்றம் தரும். எல்லா பாண்டும் செல்லாது என்று சொல்பவர்களை நம்பிவிடக் கூடாது. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி முறையான தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவை அந்தத் தீர்ப்பு கருத்தில் கொண்டது. இணையவழியில் இருபது நிமிடம் பேசி ஆள் எடுத்த பள்ளி அதே தொகையைக் கேட்டால், செலவை அது காட்டியாக வேண்டும்.

வெளிநாட்டுத் தீர்ப்பு புதுச்சேரி வீட்டுக் கதவைத் தட்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, இந்தியா அறிவித்த நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. பிரான்ஸ் அதில் இல்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பாரீஸின் பிடியில் இருந்த ஊரில், பாரீஸ் தீர்ப்பைவிட லண்டன் தீர்ப்பு எளிதாகச் செல்லுபடியாகிறது.

ஏஜென்சியின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம், வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. அசல் சர்டிபிகேட்டைத் தர மாட்டோம், பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்று பிடித்துவைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பாஸ்போர்ட் மத்திய அரசின் உடைமை என்கிறது 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம்; அதை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு உரியது. அட்டஸ்டேஷனுக்கு என்று அசல் பட்டத்தைக் கொடுக்கும்போதே ரசீது வாங்கிக்கொள்ளும் ஆசிரியருக்குப் பிறகு அலைச்சல் குறைவு.

இதுவரை சொன்னது பணம். பள்ளி இழப்பது பணத்தை மட்டுமல்ல. எவ்வளவு இழக்கிறது என்பதை நாள்காட்டி முடிவு செய்கிறது. செப்டம்பரில் வேறு பள்ளியில் சேர விரும்பும் ஆசிரியர் மே 31க்குள் தன் பள்ளியில் ராஜினாமா கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். அந்தத் தேதி தாண்டினால் அவர் டிசம்பர் வரை அங்கேயே கட்டுண்டவர். புதுச்சேரியிலிருந்து வர வேண்டியவர் ஏப்ரலில் விலகினால் பள்ளி வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். ஜூலையில் விலகினால் உள்ளூரில் கிடைக்கக்கூடிய நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் அதற்குள் கட்டுப்பட்டிருப்பார்கள். பிரெஞ்சு உதவியாசிரியர் இடமும் இப்படித்தான். செப்டம்பர் கடைசியில் வரும் விலகல் கடிதத்துக்குப் பின் ஏழு மாதமும் அந்த இடம் காலியாகவே போகக்கூடும். வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு ஏப்ரல் தொடக்கம்; அங்கே ஜனவரிக் கடிதத்துக்கும் மார்ச் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வகுப்பின் முதல் பருவம். அந்தப் பருவம் முழுக்கக் கணித ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்லர். 73ஆம் பிரிவின்படி அவர்களுக்கு எந்த ஈடும் வராது. விலகும் ஆசிரியர் மீது சுமத்தப்படும் பழிகளில் நியாயமானது இது ஒன்றே.

உறவினருக்கெல்லாம் சொல்லி, பழைய பள்ளியில் பிரிவுபசாரமும் முடிந்தபின் விலகுவது வெட்கமாக இருப்பது இயல்பு. அந்த வெட்கத்தில் பலர் செய்வது, தொலைபேசியை எடுக்காமல் இருப்பது. வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் பள்ளி காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பைப் பெருக்கும். வழக்கு வந்தால் அந்த மௌனம் அவருக்கே எதிராக நிற்கும். முடிவெடுத்த அன்றே பள்ளி முதல்வருக்கும் ஏஜென்சிக்கும் மின்னஞ்சல் அனுப்புவது சரியான வழி. சேர இயலாது என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். காரணம் இரண்டு வரிக்கு மேல் தேவையில்லை. பொய்க் காரணம் தேவையே இல்லை. பள்ளி செலவழித்ததற்குக் கணக்குக் கேட்டு, நியாயமானதைத் திருப்பித் தருவதாகச் சொல்லலாம். ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துப் பதில் எழுதும்படி கேட்கவும் வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, வாக்குப் பெற்றவர் பதிலுக்கு எதுவும் வாங்காமலேயே வாக்குக் கொடுத்தவரை விடுவிக்க முடியும். ஒரு வரிப் பதில் போதும், பிறகு யாரும் அதை மாற்ற முடியாது.

பாஸ்போர்ட்டில் விசா ஏறிவிட்டிருந்தால் அதை ரத்து செய்யும்படியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது. பழைய விசா உயிரோடிருக்க அதே நாட்டில் வேறு பள்ளிக்கு விண்ணப்பித்தால் சிக்கல் வரலாம். பிரிட்டன் விசாவுக்குக் கட்டிய சுகாதாரக் கட்டணம், முடிவு வருமுன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் திரும்பி வரும். விசா கிடைத்தபின் போகாமல் இருந்துவிட்டால் வராது. ஏஜென்சி சான்றிதழைத் தர மறுத்தாலோ வரம்புக்கு மேல் வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டாலோ, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.