வருகிற பருவமும் பக்கத்து ஆசனமும்

தோற்கிற கட்சிக்குக் கைதட்டுதல் எமக்குப் புதிய பழக்கமன்று. யாழ்ப்பாணத்தில் நாம் கற்ற கல்லூரியின் கிறிக்கெற் குழு எமது மாணவப் பருவத்தில் ஆண்டுதோறும் என்ன பாடுபட்டதென்பதை இங்கே விரித்துரைப்பது எமக்கும் அழகன்று, கல்லூரிக்கும் அழகன்று. ஆயினும், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, தலை முழுதும் நரைத்து, மகளுடன் வசிக்கவென்று அமெரிக்கா வந்து சேர்ந்த பின்னர், முன்பின் அறியாத ஒரு பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டக் குழுவுக்காக இரவில் நித்திரையின்றிப் புரளுவோமென்று எவரேனும் சாதகம் பார்த்துச் சொல்லியிருந்தால் நாம் நகைத்திருப்போம்.

மகளின் வீடு சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள எவன்ஸ்ரன் என்னும் ஊரில் இருக்கின்றது. 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகம் இவ்வூரிலேயே உள்ளது. ஊதா நிறம் அதன் நிறம். காட்டுப்பூனை அதன் சின்னம். கல்வியிற் பெரும் பெயர் பெற்றது. உதைபந்தாட்டத்தில் அது பெற்ற பெயரைப் பற்றி இனிமேற் சொல்லுவோம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். இங்கே உதைபந்தாட்டம் என்று வழங்குவது நாமெல்லாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பந்து இரு முனையும் கூர்ந்தது; காலால் உதைப்பது சிறுபான்மை; கையிற் பற்றி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. கட்சிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து மற்றவர் கைக்குப் போகும். எதிரியின் எல்லைக்குட் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. கம்பங்களினூடே உதைத்துச் செலுத்தினால் மூன்று. தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு, இருந்ததைப்போல் இரு மடங்கு பருத்துத் தோன்றும் இவ்விளைஞரை முதன்முதற் கண்டபோது, வடமோடிக் கூத்திலே கரப்புடுப்புடன் களரிக்கு வரும் அரசர்களே எம் நினைவுக்கு வந்தனர். ஒரு வேற்றுமை: கூத்தரசர் விழும்போது பாடிக்கொண்டு விழுவர்.

எம்மை இந்த ஆட்டத்துக்குள் இழுத்து விட்டவர் பக்கத்து வீட்டு மூதாட்டியார். மகள் எம்மை அவருக்கு அறிமுகஞ் செய்தபோது, ஊரில் எம்மை ‘மாஸ்ரர்’ என்று அழைப்பரெனச் சொல்லிவிட்டாள். அன்று முதல் அவருக்கும் நாம் மாஸ்ரரே. அவரும் அவருடைய கணவரும் 1962ஆம் ஆண்டில் இப்பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தவர்கள். ஆரா பார்சீகியன் என்பார் பயிற்றுநராயிருந்த காலம் அது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் இரு வாரம் நோர்த்வெஸ்ரேண் குழு நாடு முழுவதற்கும் முதலாவதாகக் கணிக்கப்பட்டது. “அந்த இரண்டு வாரந்தான் எங்களைக் கெடுத்தது, மாஸ்ரர், அதன் பிறகு அறுபது ஆண்டுகளாக அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று இருந்துவிட்டோம்” என்பார் அம்மையார்.

அந்த அறுபது ஆண்டுக் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து முப்பத்து நான்கு ஆட்டங்களிற் குழு தோற்றது. 1981இலே, தொடர்தோல்வியில் முந்திய சாதனையை முறியடித்த அன்று, மாணவர் மைதானத்துக்குட் பாய்ந்து, “நாமே யாவரினும் கடையர்!” என்று கோஷமிட்டு ஆடினராம். தோல்வியைத் திருவிழாவாக்கும் வித்தையை எமது கல்லூரியார் அறியாமற் போயினரே என்று நாம் அப்போது எண்ணிக்கொண்டோம். 1982 செப்டெம்பர் 25ஆந் திகதி, வட இலினோய் பல்கலைக்கழகத்தை 31க்கு 6 என்ற புள்ளிக் கணக்கில் வென்றபோது, மாணவர் கம்பங்களைப் பிடுங்கித் தோளிற் சுமந்து சென்று ஏரியில் எறிந்தனர். அம்மையாரும் கணவரும் ஏரிக்கரை வரை பின்னாற் போயினராம். குழந்தைக்கு அப்போது காய்ச்சல். அயலவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனதைச் சொல்லும்போது இன்றும் அவர் முகத்திற் சிறிது வெட்கம் படர்கின்றது.

பிறகு 1995 வந்தது. முதலாட்டம் நோத்ர டேம் பல்கலைக்கழகத்துடன், அவர்கள் மண்ணில். நோர்த்வெஸ்ரேண் வெல்லுமென்று மதியுடையோர் எவரும் நினைக்கவில்லை. 17க்கு 15 என்று வென்றது. அடுத்த ஆட்டத்திலேயே சிறிய பல்கலைக்கழகமொன்றிடம் தோற்றதையும் அம்மையார் மறைக்க மாட்டார். அதற்குப் பின் வழமையான பருவம் முடியும்வரை ஓராட்டமும் தோற்கவில்லை. ‘பிக் ரென்’ என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் வாகை கிடைத்தது. 1996ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி கலிபோணியாவில் நடைபெற்ற றோஸ் கிண்ணப் போட்டிக்குப் போய், 41க்கு 32 என்று தோற்றுத் திரும்பினர். தோற்றாலென்ன! போனார்களல்லவா? 1949க்குப் பின்னர் அங்கே போனது அதுவே முதன்முறை.

கிண்ணப் போட்டிகளைப் பற்றி இன்னுமொன்று. 1949இற் பெற்ற வெற்றிக்குப் பின், அத்தகைய போட்டி எதிலும் இக்குழு வெல்லவில்லை. ஒன்பது முறை முயன்று ஒன்பது முறையும் தோற்றது. முதுகிலே குரங்கு ஏறியிருக்கிறதென்று இந்நாட்டார் இந்நிலையைச் சொல்லுவர். எமது ஊரிலாயின் சனியன் பிடித்ததென்போம். 2013 ஜனவரி முதலாந் திகதி மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்ற பின்னர், விளையாட்டு வீரர்கள் பஞ்சடைத்த பொம்மைக் குரங்கொன்றைத் துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தனர். அக்காட்சியின் படத்தை அம்மையாரின் கணவர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார். அது இன்னமும் அங்கே இருக்கின்றது.

அவரை நாம் கண்டதில்லை. 2022ஆம் ஆண்டில் நோர்த்வெஸ்ரேண் தன் முதலாட்டத்தை அயர்லாந்திலே, டப்ளின் நகரில் ஆடி நெப்ராஸ்காவை வென்றது. அமெரிக்காவுக்குத் திரும்பி வந்து எஞ்சிய பதினோராட்டங்களையும் தோற்றது. சொந்த நாட்டு மண்ணில் ஒரு வெற்றியுமில்லாத பருவம்! அப்பருவம் முடிந்த சில நாட்களில் அவர் காலமானார். டப்ளின் ஆட்டத்தை மட்டும் கட்டிலிற் சாய்ந்தபடி முழுதாகப் பார்த்தாராம். மற்றவற்றைப் பாதியிலே நித்திரை கொண்டுவிட்டார் என்று அம்மையார் சொன்னார். அவர் நித்திரை கொண்டது நல்லது என்றும் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஆவணி முடிவில், இரு அனுமதிச் சீட்டுகளுடன் அம்மையார் எமது வாசலுக்கு வந்தார். “அவருடைய ஆசனம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் மேலங்கியைப் போட்டு வைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் வந்து இருப்பீர்களா?” என்று கேட்டார். நாம் மறுக்கவில்லை.

அவ்வாறு 2023இல், முன்னறியாத ஒருவரின் ஆசனத்தில் அமர்ந்து, முன்னறியாத ஓர் ஆட்டத்தைக் கண்டோம். 1926ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அவ்வரங்கம் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொள்ளும். ஆனால் தொலைவிலிருந்து வந்த எதிர்க்கட்சி அபிமானிகளே பல வேளைகளிற் பாதியை நிரப்பிவிடுவர். பந்து ஆட்டத்துக்கு விடப்படும் வேளையில் எமது கட்சியார் திறப்புக் கோவைகளை எடுத்து உயர்த்திக் குலுக்குவது வழக்கம். எமது சட்டைப்பையில் இருந்தது யாழ்ப்பாணத்து வீட்டின் முன்கதவுத் திறப்பு ஒன்றே. வேறு திறப்பு எமக்கு எதற்கு? அதைக் குலுக்கினோம். தனித்திறப்பு ஓசை எழுப்பாது. அம்மையார் தமது கோவையிலிருந்து இரண்டைக் கழற்றி எம்மிடந் தந்தார்.

அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி இரவு மினசோற்றாவுடன் ஆட்டம். இறுதிக் காற்பகுதி தொடங்கும்போது 31க்கு 10 என்று பின்தங்கியிருந்தோம். சனம் எழுந்து போகத் தொடங்கிற்று. நாமும் எழுந்தோம். அம்மையார் எமது மேலங்கியின் நுனியைப் பிடித்து, “இந்த ஆசனத்தில் இருந்தவர் ஒரு நாளும் முந்தி எழுந்து போனதில்லை” என்றார். பிறகென்ன, இருந்தோம். முடிவுக்கு இரண்டு வினாடி இருக்கையிற் கணக்குச் சமமாயிற்று. மேலதிக ஆட்டத்தில் 37க்கு 34 என்று வென்றோம். நாம் எழுந்து நின்று என்ன கூவினோமென்பது எமக்கு நினைவில்லை. தமிழிற் கூவியதாக அம்மையார் சொன்னார்.

அப்பருவம் தொடங்குமுன் யூலையிற் பழைய பயிற்றுநர் நீக்கப்பட்டு, அவ்வாண்டுதான் வந்து சேர்ந்த டேவிட் பிறோன் என்பாரிடம் பொறுப்புத் திடீரென ஒப்படைக்கப்பட்டிருந்தது. யாவரும் கைவிட்ட குழுவைக் கொண்டு அவர் எட்டு ஆட்டங்களில் வென்று காட்டினார். பழைய அரங்கின் இறுதி ஆட்டத்தில், நவம்பர் 18ஆந் திகதி, பேர்டியூவை வென்றதையும் பக்கத்து ஆசனத்திலிருந்து கண்டோம். 2024இல் அவ்வரங்கத்தை இடித்துவிட்டார்கள்.

பின்னிரு பருவங்களும் பெரும்பாலும் ஏரிக்கரையில் எழுப்பிய தற்காலிக அரங்கிலே நடந்தன. பன்னீராயிரம் பேரளவிலேயே அது கொள்ளும். ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். ஆகவே நாமிருவரும் அம்மையாரின் வரவேற்பறையிலிருந்து தொலைக்காட்சியிற் பார்த்தோம். 2024இல் நான்கு வெற்றி மட்டுமே. 2025 ஒக்டோபரிலே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தை, இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொள்ளும் அவர்களுடைய அரங்கில், 22க்கு 21 என்று வென்றபோது அம்மையார் ஊன்றுகோலை உயர்த்தியதில் மேசை விளக்கின் மூடி உடைந்தது. அப்பருவம் ஆறு வெற்றி ஆறு தோல்வியென நின்று, டிசெம்பரில் டிற்றோயிற் நகரிற் கிண்ணப் போட்டியொன்றின் வெற்றியுடன் முடிந்தது.

இப்போது 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கு வருவோம். பழைய அரங்கம் எழுந்து சரியாக நூறாண்டின் பின், அதேயிடத்தில், முப்பத்தையாயிரம் பேருக்கான புதிய அரங்கம் எழுந்துள்ளது. இவ்விலையுதிர்காலத்தில் அதன் வாயில் திறக்கப்படவிருக்கின்றது. பெருங் கூட்டமைப்பினர் பலர் தமது அரங்கை மேலும் மேலும் பெருப்பிக்க, எமது கட்சியார் சுருக்கிக் கட்டியிருக்கின்றனர். எதிரிக்கு ஆசனம் குறையுமென்பது எமது கணக்கு.

அச்சமும் இல்லாமலில்லை. 2021 முதல் மாணவ வீரர் தம் பெயரைக் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 யூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேராகப் பணங் கொடுக்கலாம். ஆண்டுதோறும் வீரர் கூட்டங் கூட்டமாகக் கழகம் மாறுகின்றனர். பெயர்களை மனனஞ் செய்து முடிப்பதற்குள் அவர்கள் வேற்று நிறச் சட்டையில் எதிரே நிற்கின்றனர். அம்மையாருக்கு இது பிடிக்கவில்லை. எமக்கோ, வியர்வை சிந்துபவனுக்குக் கூலி கொடுப்பதிற் குறை காண வாய் வரவில்லை. தொழிற்சங்கம் அமைக்க 2014இல் முதன்முதல் முயன்றவர்கள் இந்த நோர்த்வெஸ்ரேண் பிள்ளைகளே. மறுவருடம் அம்முயற்சி கைகூடாமற் போயிற்று. இதைப்பற்றி நாமிருவரும் பலமுறை வாதிட்டுவிட்டோம். தேநீர் ஆறியதே மிச்சம்.

நாம் பெரிதும் விரும்புவது ஒரு தொப்பியை. பருவ இறுதியில் வழமையாக இலினோய் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். வெல்பவருக்கு ஆபிரகாம் லிங்கன் அணிந்த உயர்ந்த தொப்பியின் வடிவிலமைந்த பரிசு கிடைக்கும். 2024இலும் 2025இலும் அதை அவர்களே கொண்டு போயினர். அது திரும்பி வரவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன் ஒன்று நிறைவேற வேண்டும். மாசி மாதத்திலே அம்மையார் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நெடுநாள் வைத்தியசாலையிற் கிடந்தார். எண்பத்து நான்கு வயது. எலும்பு பொருந்துமா என்பதில் வைத்தியர் உறுதி சொல்லவில்லை. அவரோ, படியேறத் தேவையில்லாத வரிசையில் அடுத்தடுத்த இரு ஆசனங்களுக்குக் கட்டிலிற் கிடந்தபடியே பணஞ் செலுத்திவிட்டார். இப்போது நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு மாலைதோறும் வீதி முனைவரை நடக்கின்றார். நாம் பக்கத்தில் நடப்போம். முதலில் வேலியடி, பிறகு அடுத்த வீட்டு மேப்பிள் மரம், சென்ற வாரம் புகையிரதப் பாலத்தடி. அங்கிருந்து பார்த்தால் புதிய அரங்கின் கூரை சிறிது தெரிகின்றது. மூச்சு வாங்க நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

வெற்றி பெற்ற இரவுகளிற் பல்கலைக்கழகத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் ஊதா ஒளி வீசும், தோற்றால் வெள்ளொளி. இவ்வாண்டு எத்தனை இரவு ஊதா என்பதை நாட்காட்டியிற் குறித்து வைப்பது கணவர் காலத்து வழக்கம். நேற்று அம்மையார் பென்சிலை எடுத்து ‘ஏழு’ என்று எழுதினார். நாம் எட்டு என்றோம். “பேராசை வேண்டாம், மாஸ்ரர்!” என்று கண்டித்தார்.

இன்று காலையில் பத்திரிகை கொடுக்கப் போனபோது பார்த்தோம். ஏழு அழிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் எட்டு என்று எழுதி, அழித்த தடம் தெரியாதபடி இரு முறை அழுத்தியும் விட்டிருந்தார்.