டீச்சர், எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் என் பழைய மாணவன். 1995-இல் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன்.

"டீச்சர், மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போறேன். எதை வாங்கலாம்னு நீங்க சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சாக்பீஸ் பிடித்த கை இது. புதுச்சேரியில் வீடு, பள்ளிக்கூடம், கடற்கரை, பெரிய மார்க்கெட் என்று இருந்துவிட்டவள் நான்.

அவன் விவரமாகச் சொன்னான். அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு வேட்டைக்காலம் தொடங்குமாம். அதில் சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. 1974-இலிருந்து இப்படி நடக்கிறது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நீளக் கம்பியால் உள்ளே தள்ள வேண்டும். விசையை இழுத்தால் குதிரை கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பக்கத்துக் கிண்ணியில் உள்ள நைசான மருந்தில் விழும். அங்கிருந்து ஒரு சின்னத் துளை வழியே நெருப்பு உள்ளே போகும். ஒருமுறை சுட்டால் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்று உள்ளே வழவழப்பான குழல். இன்னொன்று உள்ளே திருகு வரி வெட்டிய குழல், அதாவது ரைஃபிள்.

"ஏன்டா இதை என்கிட்ட கேக்கிற?" என்றேன்.

"நம்ம கிளாஸ்ல குடையை வெச்சுக்கிட்டு ஒருத்தன் சொன்னானே, ஞாபகம் இல்லையா டீச்சர்?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு நரிக்குறவர் வீட்டுப் பையன் இருந்தான். கடைசி வரிசை. வீட்டில் வாக்ரிபோலி பேசுவார்கள். அதனால் தமிழ்ப் பாடத்தில் வாயே திறக்க மாட்டான். ஒருநாள் அறிவியலில் 'எரிதல்' நடத்திக்கொண்டிருந்தேன். வெடிமருந்து ஏன் பட்டென்று எரிகிறது என்று கேட்டேன். அவன் எழுந்தான். மூலையில் இருந்த என் குடையை எடுத்துக்கொண்டு, அவன் அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து எங்கே போகும், ரவை எங்கே போகும், கேப்பு எங்கே மாட்டுவார்கள் என்று செய்து காட்டினான். அது சிக்கிமுக்கிக்கல் அல்ல, கேப்பு வைப்பது. மற்றபடி எல்லாம் ஒன்றுதான். நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அன்று அவன்தான் வாத்தியார்.

மறுநாள் அவன் அப்பா பாசிமணிப் பெட்டியோடு பள்ளி வாசலில் நின்றார். மகனைப் பாராட்டினேன் என்று சந்தோஷம். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"டீச்சரம்மா, நம்மகிட்ட இருக்கறது ஒரே வெடி. தப்பினாக்கூடப் பரவாயில்ல, அடிபட்டு ஓடிச்சுன்னா பெரிய பாவம். துப்பாக்கி நல்லதான்னு பாக்கறதுக்கு முன்னாடி, நம்மால எவ்வளவு கிட்டப் போக முடியும்னு பாக்கணும்."

இரண்டு வாரம் கழித்து வன விலங்குகள் பாடம் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பற்றிச் சொன்னேன். 1991 திருத்தத்துக்குப் பிறகு மான், முயல், கவுதாரி எதையும் பிழைப்புக்காக வேட்டையாடக் கூடாது என்றேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது: "அப்போ இவங்க அப்பா திருடரா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னென்னவோ சொல்லியிருக்கலாம். "சட்டப்படி குற்றம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. பத்து நாள் கழித்து அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். அடுப்புக் கற்கள் மட்டும் கிடந்தன.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நம் காடுகளில் புள்ளிமானும் வெளிமானும் இந்த அளவுக்கு மிஞ்சியிருக்காது. ஆனால் என் மாணவன் சொன்ன இன்னொரு விஷயம் யோசிக்க வைத்தது. பென்சில்வேனியாவிலும் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்ததாம். 1895-இல் வேட்டை ஆணையம் அமைத்தார்கள். வெளிமாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டைக்காரர்களுக்கு உரிமம், காலம், கணக்கு என்று வரம்பு போட்டார்கள். அவர்கள் கட்டும் உரிமக் கட்டணத்திலேயே காட்டு வேலையும் நடக்கிறது. மானைக் காப்பாற்றும்போது வேட்டைக்காரனையும் கூட வைத்துக்கொண்டார்கள்.

நம் காடு சின்னது, ஜனம் அதிகம். அதே வழி இங்கே ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பொழுதுபோக்குக்குச் சுட்டவர்கள் வேறு பொழுதுபோக்குக்குப் போனார்கள். பிழைப்புக்குச் சுட்டவர்கள் ஊசியும் பாசிமணியும் விற்கப் பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். அந்தச் சட்டம் வந்து ஐம்பது வருஷம் கழித்து.

சரி, மாணவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அவன் அனுப்பிய வீடியோக்களை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இப்படி எழுதி அனுப்பினேன்:

"வழவழப்புக் குழல் வேண்டாம். 1746-இல் நம் ஊர் பிரெஞ்சுப் படை அடையாற்றில் நவாப் படையைத் தோற்கடித்தது அந்த மாதிரித் துப்பாக்கியால்தான். ஆனால் அது வரிசையாக நின்று கூட்டத்தைப் பார்த்துச் சுடுவதற்கு. ஒற்றை மானுக்கு வரிக்குழல்தான் சரி. குண்டு சுழன்று நேராகப் போகும். உருண்டைக் குண்டு போடுவதாக இருந்தால் வரி மெதுவாகத் திரும்ப வேண்டும், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட மெதுவாகவோ. உங்கள் ஊர் விதிப்படி .44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; .50 எடு. நீ இடதுகைக்காரன். கிண்ணியில் நெருப்பு கண்ணுக்குப் பக்கத்தில் அடிக்கும், அதனால் இடதுபக்கம் பூட்டு வைத்ததாகக் கேட்டு வாங்கு. கண்ணாடி போட்டுக்கொள். விசையை இழுத்ததும் குண்டு கிளம்பச் சின்னத் தாமதம் இருக்கும். அதுவரை குறி அசையக் கூடாது. ஈரக்காற்றில் கிண்ணி மருந்து நமத்துப்போகும், அடிக்கடி மாற்று. ஐம்பது கஜத்தில் பத்துக்குப் பத்து அடிக்க வரும்வரை காட்டுக்குப் போகாதே. கிட்டப் போக முடியாவிட்டால் சுடாமல் திரும்பி வா. கடைசி இரண்டும் நான் சொன்னதல்ல. யார் சொன்னது என்று உனக்குத் தெரியும்."

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "தெரியும் டீச்சர். அன்னிக்குச் சிரிச்சதுல நானும் ஒருத்தன்."

அதற்கு மேல் நாங்கள் இருவரும் எதுவும் எழுதவில்லை.

அந்தப் பையனுக்கும் இப்போது நாற்பது வயது இருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. அது அவன் விருப்பம். அந்த வருஷம் என்னிடம் படித்தவர்கள் யாராவது அவனைப் பார்த்தால், டீச்சர் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தைச் சரியாக நடத்தவில்லை, மன்னித்துக்கொள்ளச் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

இப்போதும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள், அது நம் கடமை. சொல்வதற்கு முன்னால் கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.